வெயில்ல நிறுத்துனா வண்டி ஸ்டார்ட் ஆகல, காலைல மட்டும் ஒரே சாவில புடிக்குது. என்னவா இருக்கும்?

கோச்சடைக்காரன்:
அண்ணன்மாரே ஒரு யோசனை சொல்லுங்க. 2013 மாடல் பெட்ரோல் வண்டி, இதுவரைக்கும் பெருசா எந்த செலவும் வச்சதில்ல. காலைல வீட்ல சாவியத் திருப்புன ஒடனே புடிச்சிரும். ஆனா திருமங்கலம் வரைக்கும் ஓட்டிட்டு போயி வெயில்ல நிறுத்திட்டு ஒரு டீய குடிச்சிட்டு வந்து எடுத்தம்னா படுத்துருது. பானெட்ட தூக்கிவிட்டு அரை மணி நேரம் தேமேன்னு நின்னா ஒண்ணுமே நடக்காத மாதிரி தன்னால ஸ்டார்ட் ஆகுது. போன வாரம் அம்மாவ பஸ் ஏத்திவிடப் போயி மாட்டுத்தாவணி முன்னாடியே நின்னுருச்சு, பின்னாடி டவுன் பஸ்காரரு அடிச்ச ஹாரன் இன்னும் காதுக்குள்ளயே நிக்குது. ஒரு ஒர்க்‌ஷாப்ல பேட்டரி போச்சுன்னு புதுசு போட்டாங்க, மறுநாளே அதே கதை. இப்ப பெட்ரோல் பம்ப் மாத்தணும்ங்கிறாங்க. மாத்தவா வேணாமா?

மேலூர் மாப்ள:
தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா ப்ரோ? செகண்ட் கியர்ல போட்டு ரெண்டு பேரு தள்ளுனா புடிச்சிரும்.

ஸ்பேனர்பாண்டி:
மாப்ள சும்மா இருங்க. தள்ளுறதெல்லாம் செல்ஃப் சுத்தாத வண்டிக்குத்தான். செல்ஃப் நல்லா சுத்தியும் புடிக்கலைன்னா எம்புட்டு தள்ளுனாலும் அதே நிலைமைதான், ஸ்பார்க் மட்டும் வராம எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போச்சுன்னா அங்க புகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சேந்து காலியாகும், அது விலைய கேட்டா தலை சுத்தும்.

கோச்சடை தம்பி, முக்கியமானத சொல்லாம விட்டுட்டீங்க. சாவியத் திருப்பும்போது என்ன சத்தம்? டிக்குனு ஒரு சத்தத்தோட நிக்குதா, டிக் டிக் டிக்குனு அடிக்குதா, இல்ல செல்ஃப் வழக்கமான வேகத்துல சுத்தி இன்ஜின் மட்டும் புடிக்கலையா? மூணும் மூணு வியாதி. டிக் டிக்னா பேட்டரியோ டெர்மினலோ. ஒரே டிக்குனா செல்ஃப் மோட்டார் பக்கம் பாக்கணும். மூணாவதுன்னா பேட்டரிய மாத்துனது தெண்டம்.

கோச்சடைக்காரன்:
அண்ணே மூணாவதுதான். செல்ஃப் ஜோரா சுத்துது, புடிக்க மட்டும் மாட்டேங்குது. சாவிய வண்டி அடையாளம் கண்டுக்கலைன்னா டேஷ்போர்டுல மின்னுற சாவி படமும் மின்னல, அதையும் பாத்துட்டேன்.

ஸ்பேனர்பாண்டி:
அப்ப எனக்கு சந்தேகம் கிராங்க் சென்சார் மேலதான். இன்ஜின் சுத்துதா, எந்த இடத்துல சுத்துதுன்னு வண்டிக்குள்ள இருக்க கம்ப்யூட்டருக்கு சொல்றதே அதுதான். அது செத்துச்சுன்னா கம்ப்யூட்டரு இன்ஜின் சும்மா நிக்குதுன்னு நெனச்சுக்கிட்டு ஸ்பார்க்கும் விடாது பெட்ரோலும் விடாது. நெறைய வண்டில உள்ள இருக்கது மெல்லிசு கம்பிச் சுத்து. பழசானா சூட்டுல விரிஞ்சு தொடர்பு விட்டுப்போகும், ஆறுனா மறுபடி ஒட்டிக்கும். ஓடிக்கிட்டு இருக்கப்ப காத்தாவது படும், வெயில்ல நிறுத்துன ஒடனே பானெட்டுக்குள்ள சூடு இன்னும் ஏறும், அதான் டீ குடிச்சிட்டு வந்தா மட்டும் அடம் புடிக்குது.

காசு செலவில்லாம பாக்க ஒரு வழி இருக்கு. அடுத்த தடவ மக்கர் பண்ணும்போது செல்ஃப் அடிச்சுக்கிட்டே ஆர்பிஎம் முள்ள மட்டும் பாருங்க. செல்ஃப் சுத்துறப்ப முள்ளு லேசா எந்திரிச்சு ஆடுனா சென்சார் பேசுதுன்னு அர்த்தம். செத்த பாம்பு மாதிரி அப்படியே கெடந்தா பெரும்பாலும் சென்சார்தான். எல்லா வண்டி மீட்டரும் அந்த குறைஞ்ச சுத்த காட்டாது, அதனால காலைல நல்லா புடிக்கிறப்ப முள்ளு ஆடுதான்னு மொதல்ல பாத்து வச்சுக்கங்க. பம்புக்கும் அப்படித்தான், சாவிய ஆன்ல மட்டும் வச்சு பின் சீட்டுப் பக்கம் காது குடுங்க, ரெண்டு செகண்டு ஙொய்ங்னு சத்தம் வந்து நிக்கணும். வந்துச்சுன்னா பம்பு சுத்துது. பிரஷர் கேஜ் வச்சு அளந்து பாக்காம மாத்த விடாதீங்க.

வாடிப்பட்டி பெரியவர்:
கார்புரேட்டர் வண்டி ஓட்டுன காலத்துல எங்களுக்கும் இதே தொல்லைதான் தம்பி, கோடைல பைப்புக்குள்ள பெட்ரோலு ஆவியாயிரும், பம்பு மேல ஈரத்துணி போட்டு உக்காந்துருப்போம். இப்ப வர்ற இன்ஜெக்ஷன் வண்டில பம்பு டேங்குக்குள்ளயே பிரஷரா தள்றதால அது அம்புட்டா வராது. ஈரத்துணி வைத்தியம் மட்டும் இந்த சென்சாருக்கும் ஆகும்.

உசிலை எலக்ட்ரீஷியன்:
பெரியவர் சொன்னத நானும் செஞ்சிருக்கேன். சென்சார் மேல மட்டும் கொஞ்சமா தண்ணி, இன்ஜின் மேல குடத்தக் கவுத்துறாதீங்க, சூடான இரும்பு விரிசல் விட்ரும். ரேடியேட்டர் ஃபேன் பக்கம் கை வைக்காதீங்க, சில வண்டில சாவி எடுத்த பொறவும் திடீர்னு சுத்தும். வண்டி கம்ப்யூட்டர்ல ஸ்கேனர் போட்டா கிராங்க் சென்சார் கோளாறுன்னு சொல்ற பி0335 கோடு வரலாம், வரலைங்கிறதுக்காக சென்சார் நல்லாருக்குன்னும் சொல்ல முடியாது.

பேட்டரிய குறை சொல்றவங்களுக்கு: வண்டிய ராத்திரி நிறுத்தி வச்சு காலைல அளந்தா 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும், செல்ஃப் அடிக்கும்போது 9.6க்கு கீழ இறங்கக்கூடாது, ஓடும்போது 13.8லருந்து 14.4. மதுரை வெயிலுக்கு பேட்டரி சீக்கிரம் போறது உண்மைதான், அதுக்காக எதுக்கெடுத்தாலும் அதையே மாத்துனா எப்படி? டெர்மினல்ல வெள்ளையா பூத்திருந்தா மைனஸ கழட்டிட்டு ஆப்ப சோடா கலந்த தண்ணிய ஊத்தி பழைய பிரஷ்ல தேய்ச்சாலே பாதி வண்டி புடிச்சிரும்.

கோச்சடைக்காரன்:
அண்ணே இன்னைக்கு மத்தியானம் ஒத்தக்கடைல நிறுத்திட்டு வந்து பாத்தேன். காலைல ஆடுன முள்ளு அசையவே இல்ல. பின்னாடி ஙொய்ங் சத்தம் வந்துச்சு. கியர்பாக்ஸும் இன்ஜினும் சேர்ற எடத்துல சென்சார் இருக்கு, அதுமேல ஈரத்துணிய போட்டு கொஞ்ச நேரத்துல செல்ஃப் அடிச்சேன், புடிச்சிருச்சு! ஒரிஜினல் வாங்கவா, வெளில கெடைக்கிற மலிவு சரக்கு போதுமா?

ஸ்பேனர்பாண்டி:
இதுல மட்டும் ஒரிஜினல் போடுங்க, மலிவுல வர்றது பாதி சூட்டுலயே படுத்துரும். பழசக் கழட்டும்போது முனைல காந்தத்துல இரும்புத் தூள் ஒட்டியிருக்கான்னு பாருங்க, அதனாலயும் சிக்னல் கெடும். சாக்கெட்டுக்குள்ள ஆயில் கசிஞ்சிருக்கா, எலி ஒயர கடிச்சிருக்கான்னும் பாத்துட்டு மாட்டச் சொல்லுங்க. பேட்டரி வித்தவங்ககிட்ட பழைய பேட்டரிக்கு காசு கழிச்சாங்களான்னு கேட்டீங்களா?

கோச்சடைக்காரன்:
அத ஏண்ணே கேக்குறீங்க. நாளைக்கு பில்ல எடுத்துக்கிட்டு அங்கிட்டுதான் போறேன்.