பீட்டர் கேப்ரியலின் 'ஐ/ஓ': மூன்று மிக்ஸில் எதை, எப்படிக் கேட்பது?

புது_ஊசி:
பிரிட்டிஷ் பாடகர் பீட்டர் கேப்ரியலின் 'ஐ/ஓ' ஆல்பத்தில் இரண்டு சிடி, ஒரு புளூ-ரே உள்ள பதிப்பு வாங்கியிருக்கேன். அதே 12 பாட்டு, மூணு மிக்ஸ் (ஒலிக் கலவை): சிடிகளில் பிரைட்-சைட், டார்க்-சைட், புளூ-ரேயில் இன்-சைட். பிரைட்-சைட், டார்க்-சைட் ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டா சில பாட்டில் வித்தியாசம் பளிச்சுனு தெரியுது, சிலதில் ஒண்ணுமே தெரியலை. எப்படி ஒப்பிடணும்? இன்னொரு சிக்கல்: புளூ-ரேயை 5.1.2 ரிசீவரில் (சுற்றிலும் அஞ்சு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், மேலே ரெண்டு) போட்டா 'மல்டி சேனல்'னுதான் காட்டுது, டால்பி அட்மாஸ் (மேலிருந்தும் ஒலி வரும் முறை) வரலை. எங்கே பார்க்கணும்?

நரம்பொலி:
முதலில் சத்த அளவைச் சமன் செய்யுங்க. ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் மிக்ஸ்தான் காதுக்கு 'நல்லா இருக்கு' என்று படும். இந்த ஆல்பத்தைப் பற்றிய பாதிச் சண்டைகளுக்கு அதுதான் காரணம்.

சிடிகளை ஃபிளாக் (இழப்பற்ற) கோப்பாகக் கணினியில் எடுத்து ஃபூபார்2000 என்ற பிளேயரில் போடுங்க. 24 கோப்பையும் தேர்ந்தெடுத்து ரீப்ளேகெயின் (சத்த அளவைச் சமன் செய்யும் வசதி) ஸ்கேன் செய்யுங்க. ஒப்பிடும்போது 'டிராக்' கெயின், முழு ஆல்பமாகக் கேட்கும்போது 'ஆல்பம்' கெயின். இதை மாற்ற மறந்தால் 'அண்ட் ஸ்டில்' போன்ற அடங்கிய பாட்டும் 'ரோட் டு ஜாய்' அளவுக்கு உயர்ந்துவிடும். ஆல்பத்தின் ஏற்ற இறக்கமே போய்விடும்.

பிரைட்-சைட் மார்க் 'ஸ்பைக்' ஸ்டென்ட் செய்தது, டார்க்-சைட் சாட் பிளேக். ஸ்டென்ட்டை ஓவியர் என்றும் பிளேக்கைச் சிற்பி என்றும் கேப்ரியலே சொல்லியிருக்கிறார், பொருத்தமான பேச்சு. ஸ்டென்ட்டிடம் குரல் முன்னால் நிற்கும், பக்கவாட்டில் அகலம் அதிகம், ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகத் துலங்கும். பிளேக் டிரம்ஸையும் பேஸையும் கிட்டே இழுத்து, கொஞ்சம் சொரசொரப்பு ஏற்றி, இடத்தைச் சுருக்குவார். அதனால் முழுப் பாட்டையும் ஒப்பிடாதீங்க. முப்பது நொடித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, முதல் சுற்றில் டிரம்ஸ் வாசிக்கும் மனு கச்சேயின் ஸ்னேர் டிரம், அடுத்ததில் டோனி லெவினின் பேஸ் கிட்டார், பிறகு குரலைச் சுற்றியுள்ள எதிரொலி என்று ஒன்றை மட்டும் கவனியுங்க.

என் தேர்வு: 'தி கோர்ட்', 'ஃபோர் கைண்ட்ஸ் ஆஃப் ஹார்சஸ்' இரண்டுக்கும் டார்க். உள்ளே இருக்கும் அச்சம் அதில்தான் வெளியே வருது. 'பிளேயிங் ஃபார் டைம்' பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்த பாட்டு. அதற்கு மூச்சுவிட இடம் வேணும், பிரைட்தான். சொவேட்டோ காஸ்பல் குழு பாடும் 'ஐ/ஓ'வுக்கும் பிரைட். 2002-ல் வந்த 'அப்' ஆல்பத்துக்குப் பிறகு 21 வருடம் கழித்து அவர் தந்த புதுப் பாடல்கள் இவை. 2023 முழுக்க ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு பாட்டாகத்தான் வெளியிட்டார். நீங்களும் நாளுக்கு ஒரு பாட்டு என்று எடுத்தால் காது சோர்ந்துபோகாது.

ஏழாம்ஸ்பீக்கர்:
அட்மாஸ் விஷயத்துக்கு வர்றேன். 'மல்டி சேனல்'னு காட்டினா பிளேயரே டீகோட் செஞ்சு பிசிஎம்-ஆ (சாதாரண டிஜிட்டல் ஒலியா) அனுப்புதுன்னு அர்த்தம். பிளேயர் மெனுவில் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்டை 'பிட்ஸ்ட்ரீம்' (டீகோட் செய்யாம அப்படியே அனுப்புறது) ஆக்குங்க. அதோட 'செகண்டரி ஆடியோ' அல்லது 'பிடி ஆடியோ மிக்ஸ்' என்ற தேர்வை ஆஃப் செய்யுங்க. முதலாவதை மாத்திட்டு இரண்டாவதை விட்டுடுறதுதான் வழக்கமா நடக்குது; அது ஆனில் இருந்தா மெனு சத்தங்களைக் கலக்குறதுக்காக பிளேயர் அட்மாஸ் தகவலைக் கழற்றிடும். அப்புறம் டிஸ்க் மெனுவிலும் அட்மாஸ் டிராக்கைத்தான் தேர்ந்தெடுத்திருக்கீங்களான்னு பாருங்க.

பிளேயரில் இருந்து எச்டிஎம்ஐ நேரா ரிசீவருக்குப் போகட்டும். டிவி வழியா சுத்தி வந்தா சாதாரண ஏஆர்சி (டிவி ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐ வசதி), டால்பி ட்ரூஎச்டியை (டிஸ்க்கில் அட்மாஸ் இருக்கும் இழப்பற்ற வடிவம்) தாங்காது; அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேணும்.

சின்ன ஸ்பீக்கர்னா ரிசீவர் மெனுவில் 'ஸ்மால்', கிராஸ்ஓவர் (இதுக்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும்) 80 ஹெர்ட்ஸ். லெவினின் கீழ்ச்சுரங்கள் சப்வூஃபருக்குப் போகாம தொலைஞ்சா இன்-சைட் மிக்ஸ் சப்பையா இருக்கும். ஹான்ஸ்-மார்ட்டின் பஃப் செஞ்ச இந்த மிக்ஸுக்குத்தான் 2025 கிராமியில் இம்மர்சிவ் ஆடியோ விருது கிடைச்சது. 'திஸ் இஸ் ஹோம்' பாட்டில் ஸ்வீடன் ஆண்கள் கோரஸ் ஓர்ஃபெய் ட்ரெங்கர் பாடுற இடத்தைப் போட்டுப் பாருங்க, செட்டிங் சரியான்னு உடனே தெரிஞ்சிடும்.

புது_ஊசி:
செகண்டரி ஆடியோதான் காரணம். இப்போ அட்மாஸ் வருது, நன்றி! ஐபோனில் ஹெட்போனில் கேட்கவும், எல்பி (வினைல் இசைத்தட்டு) வாங்கவும் ஏதாவது கவனிக்கணுமா?

சுழல்தட்டு:
ஐபோன்: ஆப்பிள் மியூசிக் அமைப்பில் டால்பி அட்மாஸை 'ஆஃப்' செய்துவிட்டு ஸ்டீரியோ மிக்ஸ்களைக் கேளுங்கள். ஏர்பாட்ஸ் என்றால் கண்ட்ரோல் சென்டரில் வால்யூமை அழுத்திப் பிடித்து 'ஸ்பேஷியலைஸ் ஸ்டீரியோ'வையும் (ஸ்டீரியோவைச் சுற்றொலிபோல மாற்றும் வசதி) நிறுத்துங்கள். அது இயங்கினால் நீங்கள் கேட்பது ஸ்டென்ட்டும் அல்ல, பிளேக்கும் அல்ல. ஸ்ட்ரீமிங் அட்மாஸ் இழப்புள்ள டால்பி டிஜிட்டல் பிளஸ். புளூ-ரேயில் இருப்பது இழப்பற்றது. கையில் டிஸ்க் இருக்கும்போது இன்-சைடை அதிலேயே கேளுங்கள்.

எல்பியில் பிரைட், டார்க் இரண்டும் தனித்தனி இரட்டைத் தட்டுகள். சுமார் 68 நிமிடம் நான்கு பக்கங்களில் பிரிவதால் பக்கத்துக்கு 17 நிமிடம்தான். பேஸைக் குறைக்காமல் தட்டில் பள்ளம் வெட்டலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் டார்க் வாங்குங்கள். ஆனால் ஊசி தட்டை அழுத்தும் எடையைச் சிறு தராசு வைத்துச் சரிபாருங்கள். கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி பொருத்திய பகுதி) சொன்ன எடையை விடக் குறைந்தால் அந்தக் கனத்த பேஸில் ஊசி தடம் பிடிக்காமல் கரகரக்கும். பிளேக் ஏற்றிய சொரசொரப்பு எது, ஊசியின் கோளாறு எது என்று பிரித்தறிய முடியாது.