மணல்காட்டில் .303 துப்பாக்கி: தண்ணீர் இல்லாமல் எப்படித் துடைத்தார்கள்?

கரிசல்:
1941-ல் எகிப்து-லிபியா எல்லையில் 4-வது இந்திய டிவிஷன் கையில் இருந்தது .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கி. படையின் பொறியியல் பிரிவான மதராஸ் சாப்பர்ஸும் அங்கே இருந்தார்கள். சுட்டபின் குழலில் கொதிநீர் ஊற்ற வேண்டும் என்பது விதி. குடிநீரையே அளந்து கொடுத்த இடத்தில் என்ன செய்வது? மண்ணெண்ணெய் போதுமா? நிறைய எண்ணெய் பூசினால் மணலிலிருந்து காக்குமா?

பூட்டடி:
மண்ணெண்ணெய் போதவே போதாது. அன்றைய பிரைமரில் (தோட்டாவின் அடியில் தீமூட்டும் மருந்து) இருந்த பொட்டாசியம் குளோரேட், வெடித்ததும் துருப்பிடிக்க வைக்கும் குளோரைடு உப்பாகக் குழலில் படியும். அது தண்ணீரில்தான் கரையும், எண்ணெயிலோ பெட்ரோலிலோ கரையாது. கொதிநீர் கேட்டதே குழல் சூடேறித் தானாக உலரத்தான். உப்பைக் கரைக்கப் பச்சைத் தண்ணீரும் போதும். கால் குவளையில் நனைத்த துணியை மூன்று நான்கு முறை இழுத்து, உலர்ந்த துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, கடைசியில் எண்ணெய்த் துணி.

துப்பாக்கியின் மரக்கட்டையில் அடித்தகட்டு மூடிக்குள் எண்ணெய்க் குப்பியும், குழலுக்குள் துணியை இழுக்கும் புல்-த்ரூ கயிறும் இருக்கும். துணி அளவு 4க்கு 2 அங்குலம், எண்ணெய்த் துணி என்றால் 4க்கு 1½. பழைய சட்டையைக் கிழித்தாலும் இந்த அளவைத் தாண்டக்கூடாது, நடுக்குழலில் சிக்கும். தோட்டா இல்லை என்று பார்த்து, போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் உருளை) கழற்றி, தோட்டா அறைப்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாக ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். கயிறு குழல்வாயின் விளிம்பில் உரசவே கூடாது. மணல் ஏறிய கயிறு அரம் மாதிரி. ஒரே பக்கமாக இழுத்து இழுத்து வாய் தேய்ந்தால் குறி போய்விடும். அதனால் இழுக்கும் முன் கயிற்றைத் துடைப்பது முக்கியம்.

மணிக்கண்:
எண்ணெய் விஷயம்: மணலும் எண்ணெயும் சேர்ந்தால் சாணைப்பசைதான். போல்ட்டை உலர்துணியால் துடைத்து, பூட்டுக் காதுகளில் (போல்ட்டைப் பூட்டி நிறுத்தும் புடைப்புகள்) மட்டும் விரல் நுனி ஈரம்போல ஒரு தடவல். மேகசினை (தோட்டாப் பெட்டி) கழற்றி, உதறி, உள்ளே உலர்வாகவே விட வேண்டும். அறையிலும் தோட்டாவிலும் எண்ணெய் இருந்தால் வெடிப்பின் வேகத்தில் தோட்டாக்கூடு அறைச்சுவரைப் பற்றாது, அழுத்தம் முழுவதும் போல்ட்டில் விழும். இந்தத் துப்பாக்கியில் பூட்டு பின்பக்கம் இருப்பதால் அது கூடுதல் சுமை.

மணல் புகாமல் பூட்டுப் பகுதியைக் கான்வாஸ் துணியால் சுற்றலாம். குழல்வாயில் துணி அடைப்பதுதான் ஆபத்து: மறந்து சுட்டால் குழல் அங்கேயே புடைக்கும்.

பூட்டடி:
ஒன்று விட்டுப்போனது. பலர் சேர்ந்து துடைக்கும்போது போல்ட்டுகளைக் கலக்கக்கூடாது. போல்ட் கைப்பிடியில் பொறித்த எண்ணும் துப்பாக்கியின் எண்ணும் ஒன்றா என்று பார்த்தபிறகே மாட்ட வேண்டும்.