பத்மினியில் சில் பேனல் மாற்றியபின் முன்கதவு மூடவில்லை

காவேரிப்பட்டினம்84:
வணக்கம். அப்பா 1984-ல் வாங்கிய பிரீமியர் பத்மினி கார் இன்னும் எங்களிடம் இருக்கிறது. மாந்தோப்புக்கும் கிருஷ்ணகிரி மண்டிக்கும் அதில்தான் போய்வருவார். இடது பக்கம் கதவுகளுக்கு அடியில் ஓடும் சில் பேனல் துருவேறி, சாவியால் குத்தினாலே உதிர்ந்தது. போன மாதம் ஒரு பட்டறையில் விட்டுப் புதுத் தகடு வைத்தேன். வெளியே பார்க்க வேலை சுத்தம். ஆனால் முன்கதவு மூடவில்லை. அதன் பின்பக்க மேல் மூலை, இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்கும் தூணான நடு பில்லரில் உரசி பெயின்ட் போய்விட்டது. அதே கதவின் கீழ் மூலையில் சுண்டுவிரல் நுழைகிறது. கேட்டால், கதவு ஓரத்தை கிரைண்டரில் இழைத்துத் தருகிறோம் என்கிறார்கள். விடலாமா? வலது பக்கமும் அதே துருதான், அதையும் மாற்றியாக வேண்டும்.

ஓசூர் ஃபிட்டர்:
முதலில் கீலைப் பாருங்கள். கதவைப் பாதி திறந்து நுனியைப் பிடித்துத் தூக்கினால் ஆட்டம் இருக்கிறதா? இருந்தால் கீல் பின் தேய்ந்திருக்கும்.

காவேரிப்பட்டினம்84:
பார்த்தேன் அண்ணா, துளி ஆட்டம் இல்லை.

தருமபுரி டிங்கர்:
தம்பி, கதவில் கிரைண்டரை வைக்க விடாதீர்கள். கதவு சரியாகத்தான் இருக்கிறது, வண்டிதான் வளைந்திருக்கிறது.

மேலே இறுகி, கீழே விரிந்திருக்கிறது என்றால் நடுப்பகுதி தொய்ந்துவிட்டது என்று அர்த்தம். முன்னும் பின்னும் ஆக்சிலுக்கு அடியில் மட்டும் ஸ்டாண்டு கொடுத்துவிட்டுப் பழைய தகட்டை முழுசாக வெட்டியிருப்பார்கள். ஜீப்புக்கு இது பரவாயில்லை, கீழே சேசிஸ் என்கிற தனி இரும்புச் சட்டம் தாங்கும். சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கும் தனி சேசிஸ் உண்டு. பத்மினிக்கு அது கிடையாது. பாடியேதான் சேசிஸ், அந்த சில்தான் அதன் முதுகெலும்பு. அதை எடுத்தவுடன் பில்லர்களின் தலை ஒன்றை நோக்கி ஒன்று சாயும். அந்தச் சாய்வோடு புதுத் தகட்டை வெல்டு வைத்தால் சாய்வு அப்படியே நின்றுவிடும்.

திருத்தலாம். பேட்டரி, பெட்ரோல் டேங்க், சீட், கார்பெட் எல்லாம் வெளியே. பக்கத்தில் ஒரு வாளி மணல். இன்ஜின் இருக்கட்டும், அந்தப் பாரம் இருக்கும்போதுதான் அளவு உண்மையாக வரும். நான்கு ஸ்டாண்டையும் கொத்தனாரின் தண்ணீர் டியூப் மட்டத்தில் சமமாக்குங்கள். நடு பில்லருக்கு நேர் கீழே, தளத் தகட்டின் உள் ஓரத்தில் மரப்பலகை வைத்து ஜாக்கி கொடுங்கள். அப்புறம் வெளித் தகட்டின் வெல்டை அறுத்து, கதவை மூடிப் பார்த்துக்கொண்டே ஜாக்கியைக் கால் சுற்று, கால் சுற்றாக ஏற்றுங்கள். 4 மி.மீ. தகட்டுத் துண்டு ஒன்றைக் கதவைச் சுற்றி இடைவெளியில் ஓட்டுங்கள். எல்லா இடத்திலும் ஒரே இறுக்கமாகப் போகும் இடத்தில் நிறுத்துங்கள். உடனே வண்டிக்குள் பில்லருக்குப் பில்லர் ஒரு அங்குலச் சதுர பைப்பைக் குறுக்கே வெல்டு வைத்துவிடுங்கள். கதவு மூடுவதற்கு அது தடையாக இருக்கக் கூடாது. கதவைக் கழற்றி வைத்துவிட்டுத் தகடு பொருத்துகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். கதவுதான் நமக்கு அளவுகோல்.

புதுத் தகட்டை வைஸ் கிரிப்பில் பிடித்து, திருகு போட்டு இரண்டு கதவையும் பத்துத் தடவை மூடிப் பாருங்கள். சரி என்றால்தான் டாக், அதாவது புள்ளி புள்ளியாக வெல்டு. சிஓ2 வெல்டிங், 0.8 மி.மீ. கம்பி. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் ஒன்று என்று தாவித் தாவி வையுங்கள். தொட்டால் சூடு தெரியாத அளவுக்கு ஆறும் வரைக்கும் அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒரே இழுப்பாக ஓட்டினால் தகடு சுருங்கி மறுபடி இழுத்துக்கொள்ளும். கேஸ் வெல்டிங் வேண்டாம், சூடு பரவி அலை அலையாகிவிடும். அதை மறைக்கப் பட்டி அப்புவார்கள். துத்தநாகம் பூசிய ஜிஐ தகடும் வேண்டாம், அதில் வெல்டு வைத்தால் வரும் புகை இரவே காய்ச்சலில் தள்ளும். மடிப்புகளுக்குள் ஜிங்க் பிரைமர் அடியுங்கள். அடியில் தண்ணீர் வடியும் துளையை யாரும் அடைத்துவிடாமல் கூடவே நில்லுங்கள். இந்த வண்டிகள் உள்ளே தேங்கிய தண்ணீரில்தான் சாகின்றன.

ஓசூர் ஃபிட்டர்:
அண்ணன் சொன்னதுதான் சரி. நான் கீலோடு நின்றுவிட்டேன்.

காவேரிப்பட்டினம்84:
மூன்று ஞாயிறு ஆயிற்று. எங்கள் வாசல் சரிவு என்பதால் கிரானைட் ஓரத்துண்டுகளை அடுக்கித்தான் ஸ்டாண்டுகளைச் சமமாக்கினோம். தெரிந்த வெல்டர் ஒருவர் வந்து செய்தார். வெல்டை அறுத்தபின் ஜாக்கியை ஏற்ற ஏற்ற, உரசிய மேல் மூலை பில்லரை விட்டு விலகியதைக் கண்ணாலேயே பார்த்தேன். தகட்டுத் துண்டு கதவைச் சுற்றி முழுதும் ஓடியது, கீழே மட்டும் கொஞ்சம் தளர்வு. கதவைச் சாத்திய சத்தம் கேட்டு அப்பா உள்ளேயிருந்து எழுந்து வந்தார். அவரே ஒருமுறை திறந்து சாத்திப் பார்த்தார். வலது பக்கத்துக்குச் சதுர பைப் வாங்கி வைத்துவிட்டேன், அண்ணா. இந்தத் தடவை அதை வெல்டு வைத்த பிறகுதான் கட்டிங் வீல்.