புதுப்பிப்பு: மாமாவின் சூப்பர் 8 கேமராவுக்கு ஃபிலிம் கிடைத்துவிட்டது

மாமா விட்டுப்போன சூப்பர் 8 கேமராவுக்கு (வீட்டிலேயே சினிமா எடுக்கும் சின்ன ஃபிலிம் கேமரா) இன்னும் ஃபிலிம் வருகிறதா என்று முன்பு கேட்டிருந்தேன். வருகிறது. 1965-இல் இந்த வடிவத்தைக் கொண்டுவந்த கோடக்கே இன்னும் தயாரிக்கிறது: விஷன்3 கலர் நெகட்டிவ், கறுப்பு வெள்ளையில் ட்ரை-எக்ஸ், 2012-இல் நிறுத்தி 2018-இல் திரும்பக் கொண்டுவந்த எக்டாக்ரோம் (நெகட்டிவ் இல்லாமல் நேராகக் கலர் படமாகவே வரும் ஃபிலிம்). விலைதான் வயிற்றைக் கலக்குகிறது. ஒரு கார்ட்ரிட்ஜில், அதாவது ஃபிலிம் அடைத்து வரும் பெட்டியில், 50 அடி. நொடிக்கு 18 ஃபிரேம் ஓட்டினால் 3 நிமிடம் 20 நொடி, அவ்வளவுதான்.

பேட்டரி அறையில் பச்சையாகப் பூத்திருந்தது. வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தேன். மூடிவிட்டுப் பட்டனை அழுத்தியதும் கரகரவென்று ஓடியது பாருங்கள்! சின்ன வயதில் கல்யாண வீடுகளில் கேட்ட அதே சத்தம்.

நான் வாங்கியது விஷன்3-இல் 200 வேகம் (வேகம் என்றால் ஃபிலிம் வெளிச்சத்தை உணரும் அளவு). இந்தக் கேமராவுக்கு 40, 160 இரண்டு வேகம்தான் தெரியும். 200-ஐ 160 என்று எடுத்துக்கொள்கிறது. கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் விழும், நெகட்டிவ் தாங்கும்.

கேமரா பைக்குள், ஏற்கெனவே படம் பிடித்து இன்னும் கழுவாத பழைய கோடக்ரோம் (கோடக்கின் பழைய கலர் ஃபிலிம்) ஒன்றும் இருந்தது. அதுதான் வருத்தம். கோடக்ரோமுக்கு நிறச் சாயம் ஃபிலிமில் இருக்காது, கழுவும்போதுதான் சேர்ப்பார்கள். அந்த வேலையைச் செய்த கடைசி லேப், அமெரிக்காவின் கான்சாஸில் இருந்தது, 2010 முடிவோடு ஃபிலிம் வாங்குவதை நிறுத்திவிட்டது. இனி கறுப்பு வெள்ளையாக மட்டுமே கழுவ முடியும். அத்தையிடம் கேட்டேன். "எப்படி வந்தாலும் சரி, கழுவு" என்றார். அனுப்பியிருக்கிறேன்.