மினரல் டவுன், ஜிபிஏ: முதல் வசந்தத்தில் எதை நடுவது, எப்படி நடுவது?

வரப்போரம்:
ஹார்வெஸ்ட் மூன் என்ற பண்ணை வீடியோ கேம் வரிசையில் "ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மினரல் டவுன்", பழைய கேம்பாய் அட்வான்ஸ் (ஜிபிஏ) பதிப்பு. முதல் ஆண்டு, வசந்தம் 8-ஆம் தேதி. கையில் 640 ஜி (விளையாட்டுக்குள் புழங்கும் பணம்). மூன்று இடங்களில் 3×3 கட்டம் உழுது டர்னிப் தூவியிருக்கிறேன். கேள்விகள் மூன்று.

1. முளை வந்த பிறகு நடுக்கட்டத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற முடியவில்லை. சுற்றிலும் எட்டுச் செடி அடைத்துக்கொள்கிறது. நடுச்செடி அப்படியே நிற்கிறது. இதற்கு என்ன வழி?
2. அடுத்து டர்னிப்பே போடுவதா, உருளையா, வெள்ளரியா?
3. கோழி 1500 ஜி, மாடு 6000 ஜி. பணம் சேர்ந்ததும் முதலில் எதை வாங்கலாம்?

நின்டெண்டோ ஸ்விட்ச் மறுபதிப்பின் குறிப்புகள் நிறையக் கிடைக்கின்றன, ஆனால் எண்கள் ஒத்துப்போகவில்லை.

பூவாளி:
முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன். இதைச் சரி செய்தால் மற்றதெல்லாம் எளிது.

ஒரு விதைப்பை 9 கட்டத்துக்குத் தூவும் என்பதால் எல்லோரும் ஒன்பதையும் உழுதுவிடுகிறார்கள். தூவிய அன்று அந்த மண்ணின் மேல் நடக்கலாம். முளை விட்டதும் செடி வழியை மறிக்கும். தொடக்கத்தில் கிடைக்கும் பூவாளி முகத்துக்கு நேரே ஒரு கட்டத்தை மட்டுமே நனைக்கும். ஆகவே நடுச்செடி தண்ணீரில்லாமல் நிற்கும். இந்த விளையாட்டில் தண்ணீர் தவறிய செடி சாகாது, அந்த நாள் வளராது, அவ்வளவுதான். பருவம் முடிந்தால் மட்டும் முழுதும் பட்டுப்போகும்.

பாத்தியை 'ப' எழுத்துப் போல உழுங்கள். இடது பக்கம் மூன்று கட்டம், வலது பக்கம் மூன்று, நடு வரிசையில் கீழ் இரண்டு மட்டும். மேல் வரிசையின் நடுக்கட்டத்தை உழாமல் விடுங்கள். நடுக்கட்டத்தில் நின்று விதையைத் தூவுங்கள். உழாத கட்டத்தில் விதை பிடிக்காது. எட்டுச் செடி வரும். பிறகு தினமும் அந்தத் திறப்பில் நின்று கீழே பார்த்து ஊற்றினால் நடுச்செடிக்குத் தண்ணீர் போய்விடும். அறுவடையும் அதே இடத்திலிருந்து.

இன்னொன்று: பாத்திகளை ஒட்டி ஒட்டிப் போடாதீர்கள். இடது, வலது வரிசைகளின் நடுச்செடிகளை வெளிப்பக்கத்திலிருந்துதான் தொட முடியும். கீழ் வரிசை நடுச்செடியும் அப்படியே. ஒவ்வொரு பாத்தியைச் சுற்றியும் ஒரு கட்டம் வரப்பாக விடுங்கள். பக்கத்துப் பாத்தி அதே வரப்பைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆக ஒரு பாத்திக்கு 4×4 இடம் என்று கணக்கு வையுங்கள்.

இப்போது நட்டிருக்கும் டர்னிப்பை அழிக்க வேண்டாம். சுற்றியுள்ள எட்டையும் பறித்ததும் வழி திறந்துவிடும். நடுச்செடிக்கு அப்போது ஊற்றிக்கொள்ளலாம், அல்லது அப்படியே விட்டுவிடலாம். 60 ஜிக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

கணக்குப்பிள்ளை:
இரண்டாவது கேள்வி. பூவாளி சொன்ன 'ப' பாத்தியில் 8 செடி என்றே கணக்கிடுகிறேன். ஒன்பதாகப் பெருக்கிப் போடும் அட்டவணைகள் இந்தப் பதிப்பில் பெரும்பாலும் நடைமுறைக்கு வராது.

டர்னிப்: விதை 120, ஐந்தாம் நாள் அறுவடை, ஒன்று 60. ஒரு பாத்தி 480, செலவு போக 360.
உருளை: விதை 150, எட்டு நாள், ஒன்று 80. 640-இல் மிச்சம் 490.
வெள்ளரி: விதை 200, முதல் காய்க்குப் பத்து நாள், பிறகு ஐந்து நாளுக்கு ஒருமுறை, ஒன்று 60. ஒவ்வொரு பறிப்புக்கும் 480.
முட்டைக்கோஸ்: விதை 500, பதினைந்து நாள், ஒன்று 250. 2000-இல் மிச்சம் 1500.

பருவத்துக்கு 30 நாள். 3-ஆம் தேதிக்குள் நட்டால் டர்னிப் ஐந்து சுற்றில் 1800, உருளை மூன்று சுற்றில் 1470, வெள்ளரி நான்கு பறிப்பில் 1720. தாளில் டர்னிப் முன்னே நிற்கிறது. ஆனால் அந்த 80 ஜி அதிகத்துக்காக ஐந்து முறை கடைக்குப் போய், ஐந்து முறை விதை தூவ வேண்டும். தொடக்கத்தில் தட்டுப்பாடு பணத்தில் இல்லை, உடல் தெம்பில்தான். ஆகவே கையில் காசில்லாத முதல் சுற்றுக்கு டர்னிப், காசு வந்ததும் வெள்ளரி என்பது என் பரிந்துரை.

உங்கள் தேதிக்கு வருவோம். 8-ஆம் தேதி வெள்ளரி நட்டால் மூன்று பறிப்பு கிடைக்கும்: 1440-இல் 200 போக 1240. அதே 8-ஆம் தேதி முட்டைக்கோஸ் விதை கிடைத்தால் ஒரே அறுவடையில் 1500. அறுவடை முடிந்த பிறகு அந்தப் பாத்திக்குத் தண்ணீர் வேலையும் மிச்சம். 640 ஜி கையில் இருக்கும்போது 500-ஐ ஒரே பையில் போடுவது இறுக்கமாகத் தோன்றும். டர்னிப் விற்ற பிறகு அது ஒரு பொருட்டே இல்லை. 15-ஆம் தேதிக்குப் பிறகு முட்டைக்கோஸ் நடாதீர்கள், பருவம் முடிந்து எட்டும் வீணாகும். வெள்ளரிக்கு 20-ஆம் தேதி கடைசி எல்லை, அதுவும் ஒரே பறிப்புக்கு.

ஸ்ட்ராபெரி விதையைக் கடையில் காணவில்லை என்று பலரும் தேடுவார்கள். டர்னிப், உருளை, வெள்ளரி மூன்றையும் தலா 100 விற்றால்தான் அது வரும். ஒன்று 30 ஜிதான், இரண்டு நாளுக்கு ஒருமுறை காய்க்கும். முதல் ஆண்டில் அதைத் துரத்த வேண்டாம். மூன்றும் எத்தனை விற்றீர்கள் என்பதை மட்டும் மனத்தில் வைத்திருங்கள்.

நேரங்காட்டி:
விதை சரியாகத் தேர்ந்தெடுத்தும் பணம் சேராதவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் கடைக் கிழமைதான். ஜெஃப் நடத்தும் சூப்பர் மார்க்கெட் காலை 9 முதல் மாலை 5 வரை. செவ்வாயும் ஞாயிறும் விடுமுறை. திங்கட்கிழமை டர்னிப்பைப் பறித்துவிட்டு மறுநாள் விதை வாங்கலாம் என்று நினைத்தால் ஒரு நாள் போச்சு. திங்களன்றும் சனியன்றும் அடுத்த சுற்று விதையைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். கோழிப் பண்ணையும் மாடு விற்கும் யோடல் பண்ணையும் திங்கள் மூடியிருக்கும். கொல்லர் சைபாரா வியாழன் இருக்க மாட்டார், மற்ற நாள் பகல் 1 மணிக்கே அடைத்துவிடுவார்.

விளைச்சலை வாங்கும் சாக் மாலை 5 மணிக்கு வந்து பண்ணையின் விற்பனைப் பெட்டியில் உள்ளதை எடுத்துப் போவார். அதற்குப் பிறகு போட்டது மறுநாள் கணக்கில்தான் சேரும். விழா நாளில் விழாவுக்குப் போய்த் திரும்பினால் மாலை கடந்துவிடும். ஆகவே அன்று தண்ணீர், அறுவடை, பெட்டியில் போடுவது எல்லாம் காலையிலேயே முடிய வேண்டும்.

இந்தப் பதிப்பில் வீட்டுக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் நேரம் நகராது. இதைப் பயன்படுத்தாதவர்கள் பெரும் வருமானத்தை விடுகிறார்கள். தண்ணீர் ஊற்றிய பிறகு மிஞ்சும் தெம்பை அருவிக்குப் பின்னால் உள்ள ஊற்றுச் சுரங்கத்தில் (ஸ்பிரிங் மைன்) செலவழியுங்கள். செம்புத்தாது ஒன்று 15 ஜி, வெள்ளி 20, தங்கம் 25, மிஸ்ட்ரில் என்ற கற்பனை உலோகம் 40. தெம்பு குறைந்தால் பக்கத்திலேயே வெந்நீர் ஊற்று. மலையில் மூங்கில் குருத்து ஒன்று 50 ஜி. நான்கு எடுத்தால் ஒரு வெள்ளரி விதைப்பை வந்துவிடும்.

வரப்போரம்:
'ப' பாத்தி புரிந்தது, அருமை. பூவாளியை மேம்படுத்தினால் நடுக்கட்டச் சிக்கலே இருக்காது அல்லவா? செம்புத்தாது ஒன்று கையில் இருக்கிறது. சைபாராவிடம் கொடுத்துவிடலாமா?

பூவாளி:
இப்போது வேண்டாம். செம்பு மேம்பாட்டுக்கு 1000 ஜி கூலி. வெள்ளிக்கு 2000, தங்கத்துக்கு 3000. அதைவிட முக்கியம், கொடுத்த கருவி உடனே திரும்பி வராது. நடுப்பருவத்தில் பூவாளியைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றால் எல்லாப் பாத்தியும் அத்தனை நாள் பின்தங்கும். வெள்ளரியின் கடைசிப் பறிப்பு அங்கேயே போய்விடும். பூவாளியைப் பருவக் கடைசியிலோ குளிர்காலத்திலோ கொடுங்கள். அதுவரை அதைப் பயன்படுத்தப் பயன்படுத்தத் தேர்ச்சி ஏறும். தேர்ச்சி போதாவிட்டால் சைபாரா வாங்கவும் மாட்டார். இப்போதே எதையாவது கொடுக்கத் தோன்றினால் அரிவாளையோ கோடாரியையோ கொடுக்கலாம்.

கொட்டில்:
மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. கோழிதான், ஆனால் ஒன்றே ஒன்று.

1500 ஜி கொடுத்து வாங்கும் கோழி தினம் 50 ஜி முட்டை. தீவனம் ஒன்று 10 ஜி. நாளுக்கு 40 மிச்சம் என்றால் போட்ட பணம் திரும்ப 38 நாள். இரண்டாவது கோழியை வாங்கினால் அதற்கும் இதே 38 நாள். முட்டையை இன்குபேட்டரில் வைத்தால் மூன்று நாளில் பொரியும், குஞ்சு ஏழு நாளில் கோழியாகும். செலவு ஒரு முட்டையின் விலை, கொஞ்சம் தீவனம். ஆகவே முதல் முட்டையை விற்காதீர்கள். அடைகாக்க வைப்பதே சரி. கொட்டில் தொடக்கத்தில் நான்கு கோழி கொள்ளும். அது நிறையும் வரை இப்படியே செய்யுங்கள். தினம் ஒருமுறை கையில் தூக்கினால் அன்பு கூடும். வெளியே விட்டால் வேலி வேண்டும். இல்லையென்றால் இரவில் காட்டு நாய் வரும். மழையில் வெளியே நின்ற விலங்குக்கு நோய் வரும். மருந்து 1000 ஜி.

மாடு 6000, பால் கறக்கும் கருவி 2000, தூரிகை 800. சின்னப் பால் 100 ஜி. அடுத்த பருவத்து விதைக்குக் காசு வைத்துவிட்டு மிஞ்சினால் மட்டுமே வாங்குங்கள். அதற்கு முன் 500 ஜிக்குப் புல் விதை வாங்கித் தூவிவிடுங்கள். தண்ணீர் வேண்டாம், வெட்டினால் மறுபடி வளரும், பருவம் மாறினாலும் போகாது. குளிர்காலத்தில் மட்டும் வளராது. ஒரு மாட்டுக்குக் குளிர்காலம் முழுதும் 30 கட்டுத் தீவனம் வேண்டும். கடையில் வாங்கினால் 600 ஜி. புல்லிருந்தால் அது மிச்சம். கோழிக்குக் கோடையில் மக்காச்சோளம் போட்டுப் பண்ணை ஆலையில் அரைத்துக்கொள்ளலாம்.

கணக்குப்பிள்ளை:
கொட்டில் சொன்ன "அடுத்த பருவத்து விதைக்குக் காசு" என்பதை அடிக்கோடிட வேண்டும். கோடையில் அன்னாசி விதை 1000 ஜி. முதல் காய்க்கு 21 நாள், பிறகு ஐந்து நாளுக்கு ஒருமுறை, ஒன்று 500 ஜி. முதல் மூன்று நாளுக்குள் நட்டால் இரண்டு பறிப்பு, எட்டுச் செடிக்கு 8000. அதே பாத்தியில் தக்காளி பருவம் முழுவதும் மூவாயிரத்துச் சொச்சம்தான் தரும். வசந்தக் கடைசியில் கையில் 3000 ஜி இருப்பவரும் 300 ஜி இருப்பவரும் கோடை முடிவில் வெவ்வேறு பண்ணையில் இருப்பார்கள்.

இலையுதிர்காலத்தில் யோசிக்கவே வேண்டாம், சர்க்கரைவள்ளி. விதை 300, ஆறு நாள், பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை, ஒன்று 120. முதல் நாளே நட்டால் ஒரு பாத்தி 11,000-ஐத் தாண்டும். இந்த விளையாட்டில் மாடு வாங்கும் காலம் அதுதான்.

நேரங்காட்டி:
அன்னாசி போடுபவர் சூறாவளியை மறக்கக் கூடாது. கோடையில் வரும், செடியைப் பிடுங்கிப்போடும். நாளைக்குச் சூறாவளி என்று டிவியில் சொல்லிவிட்டால் அன்றிரவு விளையாட்டைச் சேமித்து மறுபடி திறந்தாலும் மாறாது, வானிலை முடிவாகிவிட்டது. அதற்கு முந்தைய நாளின் சேமிப்பு வேண்டும். இரண்டு சேமிப்பு இடங்களையும் நாள் மாற்றி நாள் பயன்படுத்துங்கள்.

பழைய கேட்ரிட்ஜ்:
எண்கள் ஒத்துப்போகாததற்குக் காரணம் பெயர்க் குழப்பமும்தான். ஜப்பானில் 1996-இல் சூப்பர் ஃபேமிகாம் விளையாட்டுக் கருவியில் யசுஹிரோ வாடா தொடங்கியதிலிருந்து இன்றுவரை இதன் பெயர் "போகுஜோ மோனோகதாரி", பண்ணைக் கதை. அமெரிக்காவில் நாட்ஸுமே நிறுவனம் "ஹார்வெஸ்ட் மூன்" என்று பெயரிட்டு வெளியிட்டது. பிறகு மூலத் தொடரைத் தயாரிக்கும் மார்வலஸ் நிறுவனம் தன் துணை நிறுவனம் வழியாகவே வெளியிட முடிவு செய்தது. ஆங்கிலப் பெயர் நாட்ஸுமேயிடம் தங்கிவிட்டதால் மூலத் தொடர் "ஸ்டோரி ஆஃப் சீசன்ஸ்" ஆனது. 2014-இன் "தி லாஸ்ட் வேலி" தொடங்கி ஹார்வெஸ்ட் மூன் என்று வருபவை நாட்ஸுமே தனியே செய்பவை. அவற்றின் குறிப்புகள் உங்களுக்கு உதவா.

உங்கள் ஜிபிஏ விளையாட்டு 2003. ஸ்விட்ச் மறுபதிப்பு ஜப்பானில் 2019, மேற்கில் 2020. ஊரும் மக்களும் அதே, விலையும் விலங்குகளும் மாறியிருக்கின்றன. தேடும்போது "ஜிபிஏ" என்று சேர்த்துத் தேடுங்கள். இன்னொரு தகவல்: பெண் கதாபாத்திரத்தோடு வரும் "மோர் ஃப்ரெண்ட்ஸ்" தனி கேட்ரிட்ஜ்.

வரப்போரம்:
மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: பாத்தி பெருகினால் தண்ணீர் ஊற்றவே நாள் போதாது போலிருக்கிறதே. தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள குள்ளர்களை எப்போது வேலைக்கு வைக்கலாம்?

பூவாளி:
நட்பு மூன்று இதயம் அளவுக்கு வந்த பிறகு. தினம் ஒரு பரிசு, சூப்பர் மார்க்கெட் மாவு ஒன்று 50 ஜி. ஏழு பேருக்கும் கொடுத்தால் நாளுக்கு 350, உங்கள் நிலையில் அது கட்டாது. இருவரை மட்டும் தேர்ந்தெடுத்து இப்போதே தொடங்குங்கள். வேலை கொடுக்கும்போது தண்ணீர், அறுவடை, கால்நடை மூன்றில் ஒன்று கேட்பார்கள். ஆளுக்கு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பக் கொடுங்கள், அப்போதுதான் தேர்ச்சி ஏறும். முதல் வாரங்களில் பாதிச் செடியை விட்டுவிடுவார்கள். அவர்கள் முடித்த பிறகு ஈரமில்லாத கட்டங்களை நீங்களே ஒரு சுற்றுப் பார்த்து ஊற்றிவிடுங்கள்.