தொடக்கநிலை 4 மகளை மாதவிடாய்க்குத் தயார்ப்படுத்துவது எப்படி?

ஈசூன் அப்பா
வணக்கம். மகளுக்கு ஒன்பதரை வயது, சிங்கப்பூர்ப் பள்ளியில் தொடக்கநிலை 4 (நான்காம் வகுப்பு). ஒரு பக்க மார்பில் மட்டும் சின்னதாகக் கெட்டியாக இருக்கிறது, தொட்டால் வலிக்கிறது என்கிறாள். பாலியல் கல்வி தொடக்கநிலை 5இல்தான் ஆரம்பமாம். அதுவரை காத்திருக்கலாமா? வீட்டில் நானும் என் தாயாரும்தான். காலை ஏழரைக்குப் பள்ளி, ஒன்றரைக்குப் பிறகு மாணவர் பராமரிப்பு நிலையம், வீடு திரும்ப ஆறரை ஆகிவிடும். வகுப்பில் இருக்கும்போது மாதவிடாய் வந்துவிட்டால் பிள்ளை என்ன செய்வாள்? பையில் என்ன வைப்பது, எதைச் சொல்லிக்கொடுப்பது என்று விவரமாகச் சொல்லுங்கள்.

தெம்பனிஸ் தாதி
காத்திருக்க வேண்டாம். நீங்கள் சொல்வது பருவமடைதலின் முதல் அறிகுறி. காம்புக்கு அடியில் பொத்தான் அளவில் தொடங்கும், பெரும்பாலும் ஒரு பக்கம் முந்திக்கொள்ளும், மறுபக்கம் சில மாதம் கழித்து வரும். அடிக்கடி அழுத்திப் பார்க்காதீர்கள், வலிதான் மிச்சம். தோல் சிவந்து சூடாக இருந்தாலோ நீர் கசிந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள் இது தொடங்குவது வழக்கம். 8 வயதுக்கு முன்பே தெரிந்தால்தான் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கேட்க வேண்டும்.

மார்பு வளரத் தொடங்கிச் சுமார் இரண்டு ஆண்டில் முதல் மாதவிடாய் வரும். சிலருக்கு இன்னும் சீக்கிரம். அதற்கு ஆறு மாதம், ஒரு வருடம் முன்பிருந்தே உள்ளாடையில் வெள்ளையாகப் படியும். அது தெரிந்த நாளிலிருந்து பள்ளிப் பையில் பேட் (சானிட்டரி நாப்கின்) இருக்க வேண்டும்.

ஒன்றை மறக்காமல் சொல்லிவையுங்கள்: முதல் தடவை சிவப்பாக வரும் என்று இல்லை. பல பிள்ளைகளுக்குப் பழுப்பாக, கறை போலத்தான் வரும். ரத்தத்தை எதிர்பார்த்திருக்கும் பிள்ளை, மலம்தான் பட்டுவிட்டது என்று நினைத்து உள்ளாடையை ஒளித்துவைத்துவிடும். எவ்வளவு போகும் என்பதையும் சொல்லுங்கள். அத்தனை நாளும் சேர்த்து இரண்டு, மூன்று மேசைக்கரண்டிதான். இது தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். 2 முதல் 7 நாள் வரை இருக்கலாம். முதல் இரண்டு வருடம் மாதாமாதம் ஒழுங்காக வராது.

பொங்கோல் மல்லிகை
பேசுவதைவிடக் கையால் செய்து பழக்குவதுதான் முக்கியம். உள்ளே இருப்பது வெளியே தெரியாத சின்ன ஜிப் பை ஒன்று வாங்குங்கள். அதில் இறக்கை வைத்த, 22-24 செ.மீ. பேட் மூன்று, மாற்று உள்ளாடை ஒன்று, டிஷ்யூ, கறைபட்டதைப் போட ஒரு ஜிப்லாக் பை. புத்தகங்களுக்கு அடியில் வேண்டாம், முன் பாக்கெட்டில் இருக்கட்டும்.

ஒரு பேட்டைப் பிரித்து, பழைய உள்ளாடை ஒன்றில் அவளையே ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டும் பக்கம் துணிமேல். கால்களுக்கு நடுவே துணி குறுகலாக இருக்கும் இடத்தில் பேட்டின் நடுப்பகுதி வர வேண்டும். இறக்கைகளைத் துணிக்கு அடியில் மடித்து ஒட்ட வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் முன்பக்கமாகத் தள்ளி வைத்துவிடுவார்கள். உட்கார்ந்தே இருக்கும்போது பின்னால் கசிவது அதனால்தான். இறக்கையைச் சரியாக மடிக்காவிட்டால் தொடையில் ஒட்டி இழுக்கும். பிறகு பேட்டின்மேல் ஒரு தேக்கரண்டி தண்ணீர் ஊற்றி, விரலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது உறிஞ்சிக்கொள்வதைப் பார்த்தால் வழிந்துவிடுமோ என்று தவிக்க மாட்டாள்.

நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆனால் மணிக்கணக்கு இந்த வயதில் நினைவிருக்காது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஒன்று, ஓய்வு நேரத்தில் ஒன்று, பராமரிப்பு நிலையத்துக்குப் போனதும் ஒன்று, மாலைச் சிற்றுண்டிக்குப் பிறகு ஒன்று என்று சொல்லிவிடுங்கள். கழற்றியதைச் சுருட்டிப் புதுப் பேட்டின் உறையிலேயே சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். கழிவறைக் குழிக்குள் போட்டால் ஊறி உப்பி அடைத்துக்கொள்ளும். கறைபட்ட துணியைக் குளிர்ந்த தண்ணீரில்தான் அலச வேண்டும், வெந்நீர் பட்டால் கறை அப்படியே பிடித்துக்கொள்ளும்.

கையில் பேட் இல்லாத நேரத்தில் வந்துவிட்டால் டிஷ்யூவை நாலைந்து மடிப்பாக வைத்துக்கொண்டு நேராக ஆசிரியையிடமோ பள்ளி அலுவலகத்திலோ கேட்கட்டும்.

ஈசூன் அப்பா
மிக்க நன்றி. ஆண்பிள்ளை இதையெல்லாம் பேசக்கூடாது என்கிறார் என் அம்மா. வயதுக்கு வந்ததும் சில நாள் தனியாக உட்காரவைத்து, சொந்தபந்தத்தைக் கூப்பிட்டுச் சடங்கு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறார்.

உட்லண்ட்ஸ் ஆசிரியை
தாராளமாக நீங்களே பேசுங்கள் ஐயா. அப்பாவிடமும் கேட்கலாம் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேட் வைத்துப் பழகும்போது பாட்டி கூட இருக்கட்டும்.

பாட்டி செய்துதரும் உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை எல்லாம் நல்ல சத்து. கீரையும் மீனும் சேருங்கள், சாப்பாட்டோடு தேநீர் வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஆனால் தனியாக உட்காரவைத்துப் பள்ளிக்கு மட்டம் போடவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவள் இதை நோய் என்று நினைத்துவிடுவாள். தினமும் குளிக்கலாம், விளையாடலாம். சடங்கு வேண்டுமென்றால் ஜூன் விடுமுறையிலோ ஆண்டிறுதியிலோ வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அவளுக்குச் சம்மதம் என்றால். படங்களை வாட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள். வகுப்புப் பையன்கள் வரை போய்ச் சேர்ந்துவிடும்.

வகுப்பாசிரியரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். வாயைத் திறந்து கேட்க வெட்கமென்றால், காட்டினால் போதும் என்று ஒரு சின்ன அட்டை வைத்துக்கொள்ளலாம். நீச்சல் வகுப்பு இருந்தால் உடற்கல்வி ஆசிரியருக்கும் தெரியட்டும். தொடக்கநிலை 5இல் பாலியல் கல்வி வேண்டாம் என்று விலக்கிக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு, ஆனால் கூச்சத்தால் அப்படிச் செய்யாதீர்கள். அதே வயதில் அறிவியலிலும் இனப்பெருக்கம் பாடமாக வருகிறது.

இதோடு சேர்த்தே உடல் பாதுகாப்பையும் பேசிவிடுங்கள். உடம்பு மாறுவதை யாராவது கிண்டல் செய்தாலோ, உள்ளாடைப் பட்டையை இழுத்தாலோ, தொட்டுவிட்டு யாரிடமும் சொல்லாதே என்றாலோ அன்றைக்கே உங்களிடம் சொல்ல வேண்டும். உங்களிடம் சொல்லத் தயங்கினால் பள்ளி ஆலோசகர் இருக்கிறார். தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கென்றே சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கத்தின் ‘டிங்கிள் ஃபிரெண்ட்’ உதவித் தொலைபேசி உண்டு: 1800 2744 788. மாணவர் கையேட்டின் பின்னட்டையில் எழுதிவையுங்கள்.

தெம்பனிஸ் தாதி
மல்லிகை சொன்னதில் ஒரு சேர்க்கை: ஆறரை வரை வெளியே இருக்கும் பிள்ளைக்கு மூன்று பேட் போதாது, ஐந்து வையுங்கள். வாசனை போட்ட பேட் வேண்டாம், தோல் அரிக்கும்.

ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் பேட் முழுக்க நனைந்தாலோ, 7 நாளுக்கு மேல் போனாலோ, வலியால் பள்ளிக்கே போக முடியாவிட்டாலோ, இரண்டு மாதவிடாய்க்கு இடையே மூன்று மாதத்துக்கு மேல் ஆனாலோ டாக்டரிடம் போங்கள். சாதாரண வலிக்கு வெந்நீர்ப் பை போதும். பாரசிட்டமால் கொடுப்பதாக இருந்தால் அவள் எடைக்கு எவ்வளவு என்று மருந்தாளரிடம் கேட்டுக் கொடுங்கள், பெரியவர்கள் அளவில் வேண்டாம். முதல் தடவையிலிருந்தே ஆரம்பித்த தேதியையும் முடிந்த தேதியையும் அவளே குறித்துவைக்கட்டும். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.