திருமலையில் (திருகோணமலை) சாரணப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் பாறையேற்ற முகாம்: கயிறு, ஆட்கள், இடம்?

திருமலைச் சாரணன்

வணக்கம். 15 தொடக்கம் 17 வயது வரையான 12 பிள்ளைகளை ஆகஸ்டில் மூன்று பகல், இரண்டு இரவு முகாமுக்குக் கூட்டிப்போகத் திட்டம். சுமார் 20 மீட்டர் பாறையில் மேலிருந்து கயிறு போட்டு ஏறப் பழக்க வேணும். பயிற்சி பெற்றவர் ஒருவர் வருகிறார். இரண்டு கேள்வி. படகுக் கடையில் விற்கிற தடித்த கயிறு பாரம் தாங்கும், விலையும் குறைவு, அது போதுமா? தலைமைத்துவ முகாம் என்று பெயர் வைத்துவிட்டு எல்லாவற்றையும் பெரியவர்களே செய்து முடிக்காமல் இருக்க எப்படி ஒழுங்கு செய்வது?

கயிற்றுமுடிச்சு

படகுக் கயிறு வேண்டவே வேண்டாம், தம்பி. பாரம் தாங்குவது மட்டும் கணக்கில்லை. ஏறுபவர் விழும்போது வருகிற உதறலைக் கயிறு இழுபட்டு உள்வாங்க வேணும். அந்தக் கடைக் கயிறுகளில் பல பொலிபுரொப்பிலீன். அது 165 பாகை செல்சியஸுக்குக் கிட்ட உருகிவிடும், உரசல் சூட்டுக்கு நைலோன் அளவுக்குத் தாக்குப்பிடிக்காது. வெயிலில் கிடந்த கயிறு எவ்வளவு பலம் இழந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் ஏலாது. ஏறுவதற்கு ஈஎன் 892 (ஏறுகயிற்றுக்கான ஐரோப்பியத் தரம்) முத்திரை உள்ள ஒற்றைக் கயிறு, 60 மீட்டர். 20 மீட்டர் பாறையில் மேலே போக 20, கீழே வர 20; மிச்சம் முடிச்சுக்கும், கீழே நின்று கயிற்றைப் பிடிப்பவருக்கும் தாராளம். ஆனாலும் கயிற்றின் மறுமுனையில் தடுப்பு முடிச்சு போடாமல் ஒருவரையும் ஏறவிடக் கூடாது. இறக்கும்போது நுனி, பிடிப்பவரின் கயிறு நிறுத்தும் கருவிக்குள்ளால் நழுவிப் போய் ஆள் விழுவது பாறையேற்றத்தில் திரும்பத் திரும்ப நடக்கிற விபத்து.

மேலே கயிற்றைக் கட்ட இரண்டு தனித்தனிப் பிடிமானம் வேணும், ஒன்று விட்டாலும் மற்றது தாங்கக்கூடியதாக. இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் 60 பாகைக்குள் இருந்தால் ஒவ்வொன்றிலும் பாரத்தின் 58 வீதம் அளவே விழும். 120 பாகையானால் ஒவ்வொன்றும் முழுப் பாரத்தையும் சுமக்கும்; பகிர்ந்து கட்டியதன் பலனே இல்லாமல் போகும். மரத்தில் கட்டுவதென்றால் தொடைப் பருமனான உயிர் மரம், மண்ணில் ஆழ வேரோடியது. பாறை வெடிப்பில் ஒட்டி வளர்ந்த மரம் பச்சையாக இருந்தாலும் நம்பாதீர்கள். கயிறு விளிம்பில் உரசுகிற இடத்துக்குத் தடித்த கன்வஸ் போடுங்கள். ஏறுகயிறு தொங்குகிற இடத்தில் பூட்டுள்ள காரபினர் (உலோகக் கொளுவி) இரண்டு, வாய்கள் எதிரெதிராக.

கடலோரப் பாறையில் யாரோ முன்னர் அடித்த போல்ட் இருந்தால் அதில் தொங்க வேண்டாம். உப்பும் சூடும் சேர்ந்து துருப்பிடிக்காத உருக்கையும் உள்ளே வெடிக்க வைக்கும். வெளியே பார்த்தால் பளபளப்பாகவே இருக்கும்.

12 பேருக்கு ஒரு பயிற்றுநர் காணாது. ஒரு கயிற்றுக்கு ஏறுபவர், பிடிப்பவர், பிடிப்பவருக்குப் பின்னால் கயிற்று வாலைப் பிடிக்கிற காப்பாளர், முடிச்சுச் சரிபார்ப்பவர் என்று நாலு பேர். பக்கத்தில் பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவர். குறைந்தது இரண்டு பயிற்றுநர் கிடைக்காவிட்டால் பாறையை விட்டுவிட்டு நடைமுகாமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டைக்கரை

இடத்தைப் பற்றி. சுவாமி மலைப் பக்கம் நினைக்கவே வேண்டாம். அது கோணேசர் சந்நிதி. வேறு பாறையென்றாலும் தொல்லியல், வனம், வனஜீவராசிகள் ஆகிய மூன்று திணைக்களங்களில் எதன் கீழ் வருகிறது என்று பிரதேச செயலகத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி எடுங்கள். கண்ணிவெடி அகற்றப்பட்ட இடமா, யானை வருகிற வழியா என்பதை அந்த ஊர் ஆட்களிடமே விசாரியுங்கள்.

ஆகஸ்டில் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பில் நீர் குறைவது பிள்ளைக்குத் தெரியாது. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீட்டர் தண்ணீர், அதற்கு மேல் சமையலுக்கு. ஜீவனி (உப்பு, சீனி கலந்த நீரிழப்புத் தூள்) பக்கற்றுகளை மறக்காதீர்கள். வியர்த்துக்கொண்டே வெறும் தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தால் தலையிடியும் வாந்தியும் தொடங்கலாம். மேற்குப் பார்த்த பாறை காலையில் நிழல், கிழக்குப் பார்த்தது பின்னேரம் நிழல். இதைப் பார்த்தே நேரசூசி போடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் பட்ட பாறையில் விரல் தோல் உரியும்.

முதல் நாளே பாறை கூரைபோல நீட்டிக்கொண்டிருக்கிற இடங்களின் அடிப்பக்கத்தைத் தூரநோக்கியால் பாருங்கள். மலைத்தேனீ கூடு இருந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் விட்டுவிட வேணும். புகை போட்டுக் கலைக்கப் போகாதீர்கள். கயிற்றில் தொங்குகிற பிள்ளையால் ஓட முடியாது.

வழிகாட்டி

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், அதுதான் முகாமின் உயிர். பிழைத்தால் பசியும் களைப்பும் மட்டும் மிஞ்சுகிற தீர்மானங்கள் எல்லாம் பிள்ளைகளுக்கு: எப்போது புறப்படுவது, எந்தப் பாதை, எவ்வளவு அரிசி, யார் கடைசியாக நடப்பது. பிழைத்தால் உயிர் போகிற தீர்மானங்கள் பயிற்றுநருக்கு: பிடிமானம், இறுதிச் சரிபார்ப்பு, ஏற்றத்தை நிறுத்துவது. இந்த எல்லைக்கோட்டை முதல் நாள் காலையிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு விட்ட தீர்மானங்களில் தலையிடாதீர்கள். உப்புக் குறைந்த சோறு சமைத்தால் அதையே சாப்பிடுங்கள்.

12 பேரை ஆறு ஆறாகப் பிரியுங்கள். எடின்பரோ கோமகன் சர்வதேச விருது என்ற இளைஞர் திட்டத்திலும் பயணக்குழு 4 முதல் 7 பேர். அதன் வெள்ளி நிலைப் பயணம் உங்கள் திட்டம் போலவே மூன்று பகல், இரண்டு இரவு. ஏழுக்கு மேல் ஆள் கூடினால் இரண்டு பேர் பேச மற்றவர்கள் பின்னால் இழுபடுவார்கள். அரை நாளுக்கு ஒரு தலைவர் என்று மாற்றினால் ஆறு பேருக்கும் முறை வரும். அதிகம் கதைக்காத பிள்ளைக்கு இரண்டாம் நாள் காலையைக் கொடுங்கள்; முதல் நாளில் தடுமாறும், கடைசி நாளில் எல்லாரும் களைத்திருப்பார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் வட்டமாக இருத்தி, அன்றைய தலைவர் முதலில் கதைக்க வேணும், பெரியவர் கடைசியில்.

திருமலைச் சாரணன்

நன்றி அண்ணைமார். இரண்டாவது பயிற்றுநரைத் தேடுகிறோம். காற்றுச் சத்தத்தில் கீழே கூப்பிடுவது கேட்குமா?

கயிற்றுமுடிச்சு

கேட்காது, அல்லது பக்கத்துக் கயிற்றுக்காரன் தனக்கென்று எடுத்துவிடுவான். கட்டளைக்கு முன் எப்போதும் பெயர்: "கவின், இறக்கு". எல்லாருக்கும் பொதுவானவை இரண்டே: "கல்!" என்றால் மேலே பார்க்காமல் சுவரோடு ஒட்டுவது, "நில்!" என்றால் யார் சொன்னாலும் பிடிப்பவர் பூட்டிவிடுவது. ஏறுபவர் பிடிப்பவரைவிட நன்றாகப் பாரமென்றால் பிடிப்பவரைப் பின்னால் தரையில் உள்ள மரத்தோடு ஸ்லிங்கால் (பலமான நாடா வளையம்) கட்டிவிடுங்கள்.